செருகி பார்க்கும் படலம்

பெண் பார்க்க வந்தால் முதலில் பஜ்ஜி, அடுத்து காபி, அதற்கப்புறம் மாப்பிள்ளை எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் கையை விட வேண்டும். உறையூரில் அதுதான் முறை. குணாளன் இரண்டாவது பஜ்ஜியை மென்றபடி, "பஜ்ஜி ரொம்ப நல்லா இருக்குங்க" என்றான். பெண் வீட்டார் எல்லாருடைய கண்ணும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

வீட்டுக்கு ஒரு திரைதான் என்று சட்டம் வந்தபோது குணாளன் பிறக்கவில்லை. செல்போனும் மடிக்கணினியும் போன கையோடு ஆளுக்கொரு செருகி வந்து சேர்ந்தது. சுண்டுவிரல் நீளம். கூடத்து டிவியின் முதுகில் குத்தினால் டிவி கணினியாகிவிடும்; உருவினால் மறுபடி சீரியல் ஓடும். எந்த வீட்டு டிவியில் குத்தினாலும், கடைசியாக விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். படிப்பு, வேலை, அழுகை எல்லாமே கூடத்தில், குடும்பத்தின் முன்னால்தான். ஆகவே கட்டிக்கொள்ளப் போகிறவன் செருகியில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்ப்பது, குலம் கோத்திரம் விசாரிப்பதைப் போலச் சாதாரணமாகிவிட்டது.

ஏற்கெனவே மூன்று வீடுகள் குணாளனுடையதைப் பார்த்துவிட்டு "யோசிச்சுச் சொல்றோம்" என்றன. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் இந்த வீட்டை அவனால் விட முடியாது. இந்த வீட்டுப் பெண் தமயந்தியை ஒருநாள் ரேஷன் வரிசையில் பார்த்திருக்கிறான். எடை போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் சாப்பிடக் கிளம்ப, "பொறுமையா வாங்கண்ணே, நாங்க இங்கயே நின்னு வயசாகிட்டிருக்கோம்" என்றாள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் சரியில்லை. அதனால்தான் செருகி ஒப்பனைக் கடைக்குப் போய், கல்யாணத்துக்கென்றே ஒன்று செய்து வாங்கினான்.

அதைத்தான் இப்போது டிவியில் குத்தினான். பனிமலை உச்சியில் குணாளன் நின்றான். பாதி படித்த தத்துவப் புத்தகம் ஒன்று திறந்திருந்தது. பக்கத்தில், பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கும் படம். தமயந்தியின் அப்பா திருப்தியாகத் தலையாட்டினார்.

"அந்தப் பசு சௌக்கியமா?" என்றாள் தமயந்தி.

"எந்தப் பசு?"

"போன மாசம் வந்தவரும் அதுக்குத்தான் கீரை குடுத்தாரு. அதுக்கு முன்னாடி வந்தவரும். பாவம், அதுக்கு இந்நேரம் வயித்தால போயிருக்கும்."

குணாளனின் அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"உங்க நெஜ செருகி எங்க?"

"வீட்ல இருக்குங்க."

"அப்ப பஸ்ல எதைக் காட்டி டிக்கெட் எடுத்தீங்க?"

"ஏய், வந்தவங்கள இப்படியா கேப்பாங்க?" என்றாள் அவள் அம்மா. அதற்குள் குணாளன் பேன்ட் பையில் கையை விட்டிருந்தான். இதை மாட்டினால் நான்காவது வீடும் யோசிக்கப் போகும். மாட்டினான்.

திரையில் பனியனோடு அவன் முகம். நேற்று வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தபோது எடுத்தது.

"பஜ்ஜி நல்லா இருக்குங்க" என்றது டிவி. "இல்ல. பஜ்ஜி ரொம்ப நல்லா இருக்குங்க. ஒருவேளை கேசரி குடுத்தா?" கொஞ்சம் யோசித்தது. "கேசரி ரொம்ப நல்லா இருக்குங்க." பிறகு குரல் இறங்கியது. "மலைக்கு எப்ப போனீங்கன்னு கேட்டா என்ன சொல்றது? எனக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும். கட்டிக்கிட்ட அப்புறம் தெரிஞ்சா அந்தப் பொண்ணு என்ன நினைக்கும்?"

உருவிவிடலாம் என்று குணாளன் நினைத்தான். அதற்குள் தமயந்தி வந்து உருவி, அவன் கையில் கொடுத்தாள். பிறகு தன்னுடையதைக் குத்தினாள். பெண் தன் செருகியைக் காட்டும் வழக்கமே கிடையாது.

"அம்மாடி, உன்னோடது எதுக்கு?" என்று அப்பா பாதி எழுந்தார்.

திரையில் அதே கூடம், தமயந்தியின் முகம். "நீங்க நல்லவர்தான். ஆனா எனக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பம் இல்லீங்க." சிரித்தபடி ஒருமுறை. சிரிக்காமல் ஒருமுறை.

"எப்ப எடுத்தது?" என்றான் குணாளன்.

"காலைல. அம்மா வாழைக்காய் வாங்கப் போனப்ப."

"அப்ப நீங்க என்னைப் பாக்கவே இல்ல."

"பாக்கல." தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "பஜ்ஜி நான்தான் போட்டேன். இப்ப சொல்லுங்க."

மூன்றாவது பஜ்ஜியைக் குணாளன் நிதானமாகத் தின்று முடித்தான். இதற்கு அவன் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"உப்புக் கரிக்குதுங்க."

தமயந்தி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "ஆமா" என்றாள். பிறகு எழுந்துபோய், மூன்றாம் முறையாக "நீங்க நல்லவர்தான்" என்று திரையில் ஆரம்பித்திருந்த தன்னை, அந்த இடத்திலேயே நிறுத்தினாள்.