இரண்டு ஜெர்மன் ட்ரில்கள்

இரண்டு ட்ரில்களைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு குழந்தைவேல் மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்கு வந்தபோது, கருப்பசாமி அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார். எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். எந்த மெஷினையும் கழற்றிப் பார்த்து, எங்கே கெட்டது, யார் கை பட்டுக் கெட்டது என்று சொல்லிவிடுவார் என்று சுரங்கத்து ஃபிட்டர்கள் பேசிக்கொள்வார்கள்.

"அண்ணே, இதுல ஒண்ணு எங்க மாமாவ அடிச்ச ட்ரில்லுங்க" என்றான் குழந்தைவேல்.

விஷயம் ஊருக்கே தெரியும். பன்னிரண்டு நாளைக்கு முன்பு காண்ட்ராக்ட் பட்டறை ஒன்றில் அவன் அக்காள் புருஷன் துரைராஜ் ஷாக் அடித்துச் செத்துப்போனான். விசாரணையில் ஃபோர்மேன் பழனிவேல் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. துரைராஜ் தகட்டில் இரண்டு ஓட்டை போட்டான். மூன்றாவது போடும்போது வேர்த்த கையைத் துடைக்காமல் ட்ரில்லைப் பிடித்தான். ஆக, தப்பு செத்தவன் மேல். அந்தப் பேச்சே நிலைத்துவிட்டால் புருஷனுக்குப் பதிலாக அக்கா தனகோடிக்குப் பட்டறையில் வேலை கிடைக்காது. மகள் செங்கமலத்துக்கு ஏழு வயதுதான்.

"ஜெர்மன் பேர மேல அடிச்சி, உள்ள குப்பைய வெச்சி மெட்ராஸ்ல வித்துட்டானுங்க. டூப்ளிகேட்டுன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும். முதலாளிதான் ரெண்டையும் எடுத்துக்கினு போன்னாரு. இது இன்னும் பெட்டி பிரிக்காதது."

"பிளக் யார் மாட்டினது?"

"வெறும் ஒயரோடதான் வந்துதுங்க. நான்தான் மாட்டினேன். அத நீங்க பார்க்க வேணாம்."

ஆறு வருஷமாக அதே பட்டறையில் ஒயர்மேன் அவன். அவன் போட்ட இணைப்பு ஒன்றுகூட இதுவரை தளர்ந்து சூடேறியதில்லை.

கருப்பசாமி முதல் ட்ரில்லைக் கழற்ற ஆரம்பித்தார். குழந்தைவேல் தட்டை ஏந்திக்கொண்டு, வெளியே வந்த ஒவ்வொரு பாகத்துக்கும் "இது மட்டமான சரக்குதானே?" என்று கேட்டான்.

"இல்லப்பா. டூப்ளிகேட் பண்றவன் மேலதான் பளபளப்பாக்குவான், உள்ள மிச்சம் பிடிப்பான். இவன் யாரும் பார்க்காத இடத்தையும் அரம் போட்டு ராவியிருக்கான். காயிலோட கடைசிச் சுத்து வரைக்கும் வார்னிஷ் இறங்கியிருக்கு. பேரிங்கைச் சுத்திப் பாரு, சத்தமே இல்ல."

குழந்தைவேல் தட்டைக் கீழே வைத்தான். இவ்வளவு நல்ல சாமான் என்றால் மாமா மேல்தான் தப்பு என்றாகிவிடும்.

கருப்பசாமி இரண்டாவது பெட்டியைப் பிரித்தார். அந்த ட்ரில்லின் ஒயரில் வெள்ளை நூலால் ஒரு அட்டை கட்டியிருந்தது. அதில் புரியாத எழுத்து. கீழே சின்னதாக ஒரு படம். முதல் ட்ரில்லின் ஒயரில் அதே நூல் மட்டும் அறுந்து தொங்கியது. பிறகு இரண்டு ட்ரில்லிலிருந்தும் கரித்துண்டுகளை எடுத்து அருகருகே வைத்துப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். கடைசியாக, ஒயர் உடம்புக்குள் நுழையும் இடத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சாயங்காலம் பழனிவேலைக் கூட்டிக்கிட்டு வா."

"யாருன்னு தெரிஞ்சிட்டுதாங்களா?"

அவர் இரண்டு ட்ரில்லையும் துணி போட்டு மூடினார்.

ஐந்து மணிக்குப் பழனிவேல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். குழந்தைவேல் அவரையே முறைத்துக்கொண்டு நின்றான்.

"இந்த ட்ரில் ரெண்டு ஓட்டை போட்டதா எழுதினீங்க" என்றார் கருப்பசாமி.

"என் கண்ணால பார்த்தேங்க."

"மோட்டார் சுத்தும்போது இந்தக் கரி செப்பு வளையத்துல உரசும். ஒரு ஓட்டை போட்டாலே முனை வழவழன்னு ஆயிடும், வளையத்துல கறுப்பா கோடு விழும். இது பெட்டி பிரிக்காத ட்ரில்லோட கரி. இது துரைராஜ் கையில இருந்தது. வித்தியாசம் சொல்லுங்க."

பழனிவேல் குனிந்து பார்த்தார். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன.

"இது ஒரு சுத்துகூட சுத்தல. அவன் ஓட்டையும் போடல. ஏன் அப்படி எழுதினீங்க?"

பழனிவேல் கரித்துண்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "கையில எடுத்ததுமே துரைராஜ் விறைச்சிட்டான். டெஸ்ட் பண்ணாம குடுத்தது தெரிஞ்சா என் வேலை போயிடும். அதான் ஓடுச்சுன்னு எழுதிட்டேன்."

"ஒயர்ல இருந்த அட்டை?"

"என்ன எழுத்துன்னே புரியல. பிச்சிப் போட்டுட்டேன்."

"ஓடாத ட்ரில்லு எப்டிண்ணே ஷாக் அடிக்கும்?" என்றான் குழந்தைவேல்.

கருப்பசாமி திறந்திருந்த ட்ரில்லை அவன் பக்கம் திருப்பினார். உள்ளே மூன்று ஒயர்கள். கறுப்பும் சாம்பலும் மோட்டாருக்குப் போயின. சிவப்பு ஒயர் இரும்பு உடம்போடு ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தது. பிறகு அட்டையைக் காட்டினார். படத்தில் சிவப்புக் கோடு எர்த் குறியில் போய் முடிந்தது.

"நம்மகிட்ட சிவப்புன்னா கரண்டு. அவங்ககிட்ட சிவப்புதான் எர்த்து."

குழந்தைவேல் தட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பிளக்கை அவனே திறந்தான். கரண்டு வரும் முனையில் சிவப்பு ஒயர் அழுத்தமாக முறுக்கியிருந்தது. ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அவன் கை வேலைதான்.

"பாடி பூரா கரண்டு" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கருப்பசாமி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ கத்துக்கிட்ட மாதிரிதான் செஞ்சே. சொல்ல வேண்டிய அட்டை உன் கைக்கு வரல. டெஸ்ட் பண்ண வேண்டியவரும் பண்ணல. ஒயர் மாறிப்போச்சுன்னு மட்டும் எழுதுறேன். மாட்டினது யார்னு எழுதணும்னு இல்ல."

"என் பேரையும் எழுதுங்கண்ணே. நானும் கீழ கையெழுத்துப் போடறேன். அக்காவுக்கு வேற யாரும் சொல்லித் தெரியக் கூடாது. நானே போய்ச் சொல்றேன்."

தனகோடி குழாயடியில் செங்கமலத்தின் பாவாடையை அலசிக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் அலசுவதை நிறுத்தவில்லை.

"அப்ப அவரு மேல தப்பு இல்ல" என்றாள் கடைசியில்.

"இல்லக்கா."

"இத நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

"முடியலக்கா."

தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் அவள் அந்தப் பாவாடையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு, "வூட்டுக்குப் போ" என்றாள்.

விசாரணைத் தாள் மாறியது. பழனிவேலை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தனகோடிக்குப் பட்டறை ஸ்டோரில் வேலை கிடைத்தது. குழந்தைவேலை ஆறு மாதம் ஒயர் தொடவிடவில்லை. தூக்குகிற வேலை, பெருக்குகிற வேலை எல்லாம் செய்தான். ஸ்டோர் வாசல் வழியாகத்தான் தினமும் போக வேண்டும். அக்கா தலை நிமிரமாட்டாள். அவனும் நிற்கமாட்டான்.

வருஷம் திரும்பி துரைராஜின் தெவசம் வந்தது. மத்தியானம் செங்கமலம் வந்து அவன் வீட்டுக் கதவோரம் நின்றாள். "மாமா, அம்மா உன்ன சாப்பிட வரச் சொல்லுச்சு."

அவன் போனான். தனகோடி இலை போட்டுப் பரிமாறினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை சோறு கொண்டுவந்தபோது அவன் போதும் என்று இலைமேல் கையை வைத்து மறைத்தான். அவள் நகரவில்லை, கரண்டியை ஏந்தியபடி அப்படியே குனிந்து நின்றாள். வெகுநேரம் கழித்து அவன் கையை எடுத்தான்.