யாக்கோப்புவின் நான்கு பிஸ்டன்கள்

வியாழன், காலை 9.20. காத்தான்குடி.

மஜீட்டின் கராஜ் நடுவில், பழைய டயர் ஒன்றின் மேல், மொறிஸ் மைனர் காரின் எஞ்சின் புளொக் கிடந்தது. நான்கு சிலிண்டர்களும் புதிதாகக் கடையப்பட்டுப் பளபளத்தன. அவற்றுக்குள் இறங்கவேண்டிய நான்கு பிஸ்டன்களையும் காணவில்லை.

"இவன்தான் வித்துப்போட்டான், மிஸ்," என்றார் காரின் சொந்தக்காரர் யாக்கோப்பு. அவருடைய விரல் மெக்கானிக் றமீஸின் மூக்குக்கு நேரே நின்றது. "கட்டாருக்குப் போற ஆள். போறதுக்கு முதல் என்ட சாமானைத் தூக்கிட்டான். கொண்டு போய் உள்ள போடுங்க."

உப பொலிஸ் பரிசோதகர் சுஜீவா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

றமீஸுக்கு நாற்பது வயது. பதினெட்டு வருடமாக மஜீட்டிடம் வேலை. அடுத்த கிழமை கட்டார் பயணம்; அதற்குப் பொலிஸ் அறிக்கை வேண்டும். திருட்டு முறைப்பாடு பதிவானால் அறிக்கையும் இல்லை, விசாவும் இல்லை. இது யாக்கோப்புவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் குரலை உயர்த்தினார். சில பேருக்கு அடுத்தவனை எந்த இடத்தில் மிதித்தால் வலிக்கும் என்பதில் மட்டும் நல்ல ஞானம்.

"பிஸ்டன் எங்கால வந்தது?" சுஜீவா மஜீட்டைக் கேட்டார்.

"லண்டன், மிஸ். இது ரெண்டு தரம் கடைஞ்சு ஓட்டை பெருத்த புளொக். இதுதான் கடைசித் தரம். இதுக்கு மேல கடைஞ்சா சுவர் தாங்காது. அந்தக் கடைசிச் சைஸ் பிஸ்டன் இஞ்ச எங்கயும் இல்ல. இவர்ர தங்கச்சி தேடி அனுப்பினவ. நாலையும் ஒரே கடையில எடுங்க எண்டு தலைபாடா அடிச்சுச் சொன்னன். கேக்கல்ல. ரெண்டு ஒரு கடை, ரெண்டு வேற கடை. ஒரு சோடி வார்த்துச் செஞ்சது, மத்தச் சோடி அடிச்சுச் செஞ்சது. அடிச்சது சூட்டுல கூடுதலாப் பெருக்கும். ஒரு இஞ்சினுக்குள்ள ரெண்டு சாதிப் பிஸ்டன்! கையில எடுக்கவே அருவருப்பா இருந்திச்சு."

"பிறகு ஏன் ஒத்துக்கொண்டீங்க?"

"மாசத்துல ரெண்டு கலியாணத்துக்கு ஓடுற கார். மெதுவாத்தானே போகும் எண்டு சமாளிச்சன். வார்த்த சோடிப் பிஸ்டன் தலையில ஒண்டு, நாலு எண்டு சிலிண்டர் நம்பர் எழுதினன். மத்தச் சோடியில ரெண்டு, மூணு. வேற எங்கயும் எழுதல்ல. பிஸ்டன் பெட்டியை மூடி, புளொக்கோட றமீஸிட்டக் குடுத்தன்."

சுஜீவா றமீஸின் பக்கம் திரும்பினார்.

"எப்ப கொண்டு போனீங்க?"

"போன வெள்ளி, மிஸ். கல்லடிக்கு, பிறின்ஸ்ட லேத் பட்டறைக்கு. போய்ச் சேர பதினொண்ணே முக்கால். புளொக்கையும் பெட்டியையும் இறக்கினன். துண்டுல புளொக்க மட்டும் எழுதினார். பெட்டியையும் எழுதுங்க எண்டன். 'ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகுது, நீங்க ஓடுங்க, பிறகு எழுதிக்கலாம்' எண்டார். கையெழுத்தப் போட்டுட்டு ஓடினன்."

"பிறகு?"

"நேத்து புளொக் வந்திச்சு. பெட்டி வரல்ல. கேட்டா, என்ன பெட்டி எண்டு என்னையே கேக்கிறார்."

யாக்கோப்பு சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து நீட்டினார். 'புளொக் ஒன்று. கடைவதற்கு.' கீழே றமீஸின் கையெழுத்து.

"பாருங்க. பிறின்ஸ் நம்மட மாதா கோயில் ஆள், மிஸ். பாட்டுக் குழுவில இரிக்கிற பொடியன். பொய் சொல்லமாட்டான். நீங்களும் நம்மட ஆள்தானே, உங்களுக்குச் சொல்லவா வேணும்?"

சுஜீவா துண்டை வாங்கிக் குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பேசினால் சீருடைக்கு ஒவ்வாத வார்த்தை வந்துவிடும் என்று பயந்தார்.

காலை 10.45. கல்லடி.

லேத் இயந்திரத்தின் அடித்தொட்டியில் தேங்கியிருந்த, கத்தியைக் குளிர்விக்கும் வெள்ளைத் தண்ணீர் புளித்து நாறியது. பிறின்ஸ் சிரித்த முகத்துடன் கதிரையைத் துடைத்துப் போட்டார். சுஜீவா உட்காரவில்லை.

"பெட்டி வந்ததா?"

"கண்ணால காணல்ல, மிஸ்."

"பிஸ்டன் இல்லாம கடையேலுமா?"

"தாராளமா. கடைசிச் சைஸ் எண்டா அளவு புத்தகத்தில இரிக்கி. நாலையும் அந்த அளவுக்கே கடைஞ்சன்."

"றமீஸ் ஏதும் அளவு சொன்னாரா? எழுதித் தந்தாரா?"

"அந்தாள் எங்க சொல்ற? இறக்கின கையோட ஓடிட்டான்." பிறின்ஸ் குரலைத் தாழ்த்தினார். "அவனுகள்ற வேலை தெரியும்தானே, மிஸ்."

"மஜீட் போன் பண்ணினாரா?"

"இல்ல."

"இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வைங்க."

பிறின்ஸ் அழகான எழுத்தில் எழுதினார். கையெழுத்தின் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

மதியம் 12.10. காத்தான்குடி.

"மஜீட் நானா, இந்தப் புளொக்க அளந்து பார்த்தீங்களா?"

"பிஸ்டனே இல்ல, எதுக்கு அளக்கிற?"

"இப்ப அளந்து பாருங்க."

மஜீட் உள்விட்டம் அளக்கும் டயல் கருவியைச் சிலிண்டர்களுக்குள் ஒவ்வொன்றாக இறக்கினார். நாலாவதுக்குப் பிறகு மறுபடி முதலாவதுக்குப் போனார். அவருடைய முகம் மாறியது. கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் அளந்தார். சுஜீவா நான்கு எண்களையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

பிற்பகல் 2.00.

தொலைபேசியில் அழைத்ததும் பிறின்ஸ் கராஜுக்கு வந்து சேர்ந்தார். யாக்கோப்பு அவருடைய தோளில் கை போட்டபடி நின்றார். றமீஸ் கதவோரம்.

"பெட்டியைத் தேடினதில எல்லாரும் ஒண்டை மறந்திட்டீங்க," என்றார் சுஜீவா. "சாட்சி உங்களுக்கு நடுவில, டயருக்கு மேல கிடந்தது. ஒண்டாம், நாலாம் சிலிண்டர் ஒரே அளவு. ரெண்டாம், மூண்டாம் சிலிண்டர் அதைவிடப் பெரிசு. அரைத் தலைமயிர்த் தடிப்பு வித்தியாசம். பிறின்ஸ், நாலையும் ஒரே அளவுக்குக் கடைஞ்சதா எழுதித் தந்திருக்கிறீங்க."

"அது... வெட்டுற கத்தி தேஞ்சிருக்கும், மிஸ்."

மஜீட் குறுக்கிட்டார். "கத்தி தேஞ்சா அளவு ஒரே பக்கமா மாறிக்கிட்டுப் போகும். பெருத்துட்டு, திரும்ப முதல் அளவுக்கு வராது."

"கேட்டீங்களா?" என்றார் சுஜீவா. "அடிச்சுச் செஞ்ச பிஸ்டன் சூட்டில கூடுதலாப் பெருக்கும். அதுக்குக் கூடின இடைவெளி வேணும். அந்தச் சோடி ரெண்டிலயும் மூண்டிலயும்தான் போகுது எண்டு மஜீட் பிஸ்டனிலதான் எழுதினவர். வேற எங்கயும் எழுதல்ல. றமீஸ் ஒண்டும் சொல்லல்ல எண்டு நீங்களே கையெழுத்து வெச்சிருக்கிறீங்க. புத்தகம் பார்த்துக் கடைஞ்சவனுக்கு ரெண்டையும் மூண்டையும் பெரிசாக்கத் தெரியாது. ஒவ்வொரு பிஸ்டனையும் கையில எடுத்து, அளந்து, அதுக்குத் தக்கதாக் கடைஞ்சிருக்கிறீங்க. நல்ல வேலைக்காரன்தான். அதாலதான் பிடிபட்டீங்க."

யாக்கோப்புவின் கை பிறின்ஸின் தோளிலிருந்து நழுவியது.

"கண்டியில ஒருத்தர் இதே சைஸ் கேட்டுக்கொண்டிருந்தவர்," பிறின்ஸ் முணுமுணுத்தார். "கடைஞ்சு முடிஞ்ச பிறகுதான் அந்த யோசனை வந்தது. துண்டில எழுதல்லத்தானே எண்டு..."

"எங்க இருக்கு?"

அரை மணிக்குப் பிறகு பிறின்ஸ் தன் பட்டறையில் முழங்கால் மடித்து, அந்த நாறிய தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, பொலித்தீனில் சுற்றிய நான்கு பிஸ்டன்களையும் வெளியே எடுத்தார். சுஜீவா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தொட்டி நாற்றத்தைத் தாங்கலாம். காலையில் அந்த ஆள் சிரித்த சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

பிற்பகல் 3.40. மறுபடி கராஜ்.

"சாமான் கிடைச்சிட்டுதானே, மிஸ்," என்றார் யாக்கோப்பு. "கேஸ் ஒண்டும் வேணாம். பிறின்சுக்கு சின்னப் பிள்ளைகள் இரிக்கி."

"றமீஸுக்கு?"

யாக்கோப்பு பிஸ்டன்களை எண்ணத் தொடங்கினார்.

"காலையில உள்ள போடச் சொல்லி நிண்டீங்க. பிள்ளைகள் இருக்கா எண்டு கேக்கல்ல. முறைப்பாட்டை நீங்க விடலாம். எனக்குப் பொய் வாக்குமூலம் தந்ததை நான் விடமாட்டன்." சுஜீவா றமீஸிடம் திரும்பினார். "உங்கட பேர்ல ஒண்டும் பதியல்ல. பொலிஸ் அறிக்கைக்கு நானே இண்டைக்கு எழுதி அனுப்புறன். நீங்க பயணத்துக்கு ஆயத்தப்படுங்க."

றமீஸ் தலையாட்டிவிட்டு, பிஸ்டன்களைத் துடைக்க ஒரு துணியை எடுத்தார்.

பொலிஸ் ஜீப் போன பிறகு யாக்கோப்பு மெல்ல றமீஸ் பக்கம் வந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"தம்பி, மனசில ஒண்டும் வெச்சுக்காதீங்க. போறதுக்கு முதல் நீங்களே இஞ்சினைப் பூட்டித் தாங்க. உங்கட கை மாதிரி வராது."

றமீஸ் பிஸ்டன்களைத் துணியால் நன்றாகத் துடைத்து, ஒன்று முதல் நாலு வரை வரிசையாக ஒரு பெட்டியில் வைத்து, மூடி, யாக்கோப்புவின் கையில் கொடுத்தார்.

"உங்கட ஆள் ஒருத்தரைப் பாருங்க."

"புளொக்கையும் இண்டைக்கே எடுத்திருங்க," என்றார் மஜீட்.

யாக்கோப்பு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, புளொக்கின் இரு பக்கமும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது; மஜீட்டும் றமீஸும் கை கழுவப் போனார்கள்.