ஒரு தட்டு, ஒரு கீறல்

அந்தச் சத்தம் முதலில் கேட்டபோது வெல்டிங் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பது அவனுக்கே நிச்சயமில்லை. கேட்டது மட்டும் நிஜம். தலைக்கு மேலே, காரின் தரைத் தகட்டில் ஒரு தட்டு. அடுத்து, இழுத்தாற்போல் ஒரு கீறல்.

பட்டறையின் பழைய பழக்கம் அது. ஒருவன் காருக்கு அடியில் படுத்து வெல்டிங் வைத்தால், இன்னொருவன் ஈரச் சாக்கோடு உள்ளே உட்கார்ந்து தீப்பொறி பார்க்க வேண்டும். ஒரு தட்டு என்றால் தொடரலாம். தட்டும் கீறலும் என்றால் நிறுத்து. அப்படிக் கீறுவது அண்ணன் மட்டும்தான்; செப்பு மோதிரத்தால் இழுப்பான். அந்த அண்ணன் போன மழைக்காலத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கோ போய்விட்டான். அன்றிலிருந்து தம்பி அவன் பேச்சையே எடுப்பதில்லை.

இன்று உள்ளே உட்கார்ந்திருந்தது அக்காவின் கணவர். போன மழைக்காலத்துக்கு முன்பே அவர் ஏலத்தில் எடுத்த வண்டி. தரை முழுக்கத் துரு. டிரைவர் சீட்டுக்குக் கீழே யாரோ கோணல்மாணலாக ஒட்டிய பழைய தகடு ஒன்று இருந்தது. அதைப் பிரிக்காதே, அதன்மேலேயே புதுசை வைத்து மூடு என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

கருகிய தாரும் கிரீஸும் ஈரச் சாக்கும் கலந்த வாடை முகத்தில் இறங்க, புகைக்குள் கண்ணைச் சுருக்கியபடி காத்திருந்தான். மறுபடியும் தட்டு. கீறல்.

"போதும் மச்சான், விளையாடாதீங்க."

பதில் வாசல் பக்கமிருந்து வந்தது. "என்ன மாப்ள, நான் இங்கல்ல நிக்கிறேன்."

ஷட்டரருகே அவருடைய செருப்புகள் தெரிந்தன. காருக்குள் யாருமில்லை.

தட்டு. கீறல். பழைய தகட்டுக்குள்ளிருந்து.

திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினான். துரு உதிர்ந்தது. கூடவே நெஞ்சின்மேல் ஏதோ விழுந்தது. செப்பு மோதிரம். கருகியிருந்தது.

அண்ணன் எங்கும் போகவில்லை.

ஷட்டர் இறங்கியது. செருப்புகள் நடந்து வந்து ஜாக்கியருகே நின்றன. முட்டுக் கொடுத்தாச்சு, தைரியமாகப் போ என்று அவனை அடியில் அனுப்பியவர் அவர்தான். சொந்த மச்சான் சொன்னதை யார் குனிந்து சரிபார்ப்பார்கள்? வண்டியைத் தாங்க வேண்டிய இரும்பு முட்டுகள் இரண்டும் சுவரோரமாகவே கிடந்தன; தாங்கியது ஜாக்கி மட்டும்.

அவர் குனிந்தார். முகத்தில் கோபமில்லை. களைப்புதான்.

"உனக்கும் கேட்டுடுச்சா?"

அண்ணனைத் தேடித் தம்பியும் போய்விட்டான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. வண்டியை மச்சான்தான் ஓட்டுகிறார்; பக்கத்துச் சீட்டில் அக்கா. தட்டுக்கும் கீறலுக்கும் என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியாது. வண்டி நின்ற பிறகும் டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு தட்டு, கீறல் கேட்கிறது. அவள் பாதத்துக்குக் கீழே இன்னொன்று. அவள் கால்களைச் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.