தழும்பில்லாத முகம்

நிலாக் குடியிருப்பின் நான்காம் வளாகத்தில், இறந்தவர்கள் ஆண்டுக்கொருமுறை வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அவரவர் திதியன்று கூடத்து விளக்குகள் மங்கும். சுவரில் பதித்த ஒளிவீச்சிகள் பழைய படங்களைக் கோத்து, ஆளுயர ஒளியுரு ஒன்றை நாற்காலியில் உட்காரவைக்கும். செத்துப்போன தாத்தா வந்தால் பிள்ளைகள் விளையாட்டைக்கூட நிறுத்துவதில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள், அவ்வளவுதான்.

மிருதுளாவின் வீட்டுக்கு மட்டும் யாரும் வந்ததில்லை. அவளுக்கு வயது அறுபத்து நான்கு. அம்மா ஷர்மிளா இறந்தபோது அவள் பத்து வயதுச் சிறுமி. அம்மாவின் படங்களெல்லாம் பூமியிலிருந்து கொண்டுவந்த நகமளவு நினைவு அட்டையில் இருந்தன. ஆனால் அந்தக் காலத்துக் கைபேசிகள் படங்களைச் சேமித்த கோப்பு வடிவம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. அதைப் படிக்கத் தெரிந்த எந்திரம் நிலாவில் ஒன்றுகூட இல்லை.

கோப்பு மீட்பாளன் சாமுவேல் மாதக்கணக்கில் அதோடு மல்லாடினான். பூமியில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய நிரல் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தன் எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தான்.

"ஒண்ணுவிடாம வந்துடுச்சும்மா. ஒரு புள்ளிகூடச் சிதையல" என்றான். மிருதுளா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திதியன்று சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறிவிட்டுக் காத்திருந்தாள். விளக்குகள் மங்கின. எதிரே ஷர்மிளா உட்கார்ந்திருந்தாள், மகளைவிட முப்பது வயது இளையவளாக. பளிங்குத் தோல், அகன்ற கண்கள். அவள் சிரித்தாள்.

மிருதுளா முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தாள். இது யார்?

அம்மாவின் தாடையில் எண்ணெய் தெறித்த தழும்பு உண்டு. சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் மிருதுளா தூங்குவாள். எதிரே இருந்த தாடையோ வழவழவென்றிருந்தது. தொடப் போனாள், விரல் ஒளிக்குள் புதைந்தது. அந்தச் சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை. போன மாதத் திதியில் எதிர்வீட்டுக்கு வந்துபோன அவர்களுடைய அத்தையும் இதே கண்களோடு, இதே மூக்கோடு வந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையிலேயே சாமுவேலிடம் போய் நின்றாள்.

"தப்பா மீட்டுட்டியா தம்பி?"

"இல்லம்மா. அவங்க முகத்தை அழகாக்குற வடிகட்டி போட்டுத்தான் எடுத்திருக்காங்க. அப்போ எல்லாரும் அப்படித்தான். சேமிக்கிறதுக்கு முன்னாடியே போன் முகத்தை மாத்திடும். அடியில வேற முகம் கிடையாது."

"ஒரு படத்துலகூடவா தழும்பு இல்ல?"

சாமுவேல் கோப்புப் பட்டியலைத் திறந்தான். "வடிகட்டி போடாம கொஞ்சம் எடுத்திருக்காங்க. கோப்போட பேரு மட்டும் நிக்குது. படத்தை அவங்களே அழிச்சிட்டாங்க." பிறகு, "நீங்க சொன்னா தழும்பை நான் வரைஞ்சு சேர்த்துடுறேன். எந்தப் பக்கம்?" என்றான்.

மிருதுளா வாயைத் திறந்தாள். இடதா? வலதா? கண்ணை மூடி, விரலை உயர்த்தி, தூக்கத்தில் தடவுவதுபோல் காற்றில் தடவிப் பார்த்தாள். இருட்டிலிருந்து ஒரு முகம் எழுந்து வந்தது. நேற்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே முகம். அது சிரித்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறுபது வயதைக் கடந்தவர்கள் தங்கள் ஒளியுருவைப் பதிந்துவைக்க வேண்டும் என்பது குடியிருப்பு விதி. அவள்தான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்திருந்தாள்.

"என் உருவத்தை இன்னைக்கே பதிஞ்சிடு தம்பி. என் பிள்ளைங்க இப்படித் தவிக்கக் கூடாது."

படக்கருவி அவளை ஒருமுறை சுற்றி வந்தது. திரையில் அவள் முகம் விரிந்தது: கன்னத்தில் கரும்புள்ளிகள், கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, உதட்டோரத்தில் ஆழமான கோடு.

"அப்படியே பதிஞ்சிடவாம்மா?"

"அப்படியே பதி" என்றாள். உடனே கையை உயர்த்தித் தடுத்தாள். திரைக்கு அருகே போய்ப் பார்த்தாள்.

"கண்ணுக்குக் கீழ மட்டும் லேசா எடுத்துடேன். அந்தக் கோடும் வேண்டாம்."

சாமுவேல் திரையில் விரலை இழுத்தான். முகம் வழவழப்பானது.

"பழசை வெச்சுக்கவா?"

"எதுக்கு?" என்றாள் மிருதுளா. "அழிச்சிடு."