சொடக்கு

ஆஸ்பத்திரியிலிருந்து ஹில்டாவை ராயபுரத்து வீட்டுக்குக் கூட்டி வந்தது பக்கத்து வீட்டு ஜீனத். ஹில்டாவின் வலது ஆள்காட்டி விரல் கட்டுக்குள் இருந்ததால் பூட்டைத் திறந்ததும் அவள்தான்.

"ஒண்டியா இன்னாக்கா பண்ணுவ? எங்க வூட்ல வந்து படுத்துக்க."

"உன் புருசன் கொறட்டைக்கு ஹார்பர் சங்கே தேவலாம். நீ போ."

விரல் நுனி மூட்டில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே வழவழப்பான குருத்தெலும்பு இருக்கும். ஹில்டாவுக்கு அது தேய்ந்துபோய் எலும்பும் எலும்பும் உரசின. டாக்டர் ரகுபதி மிச்சமிருந்ததைச் சீவி எடுத்து, இரு முனைகளையும் சேர்த்து, உள்ளே ஒரு ஸ்க்ரூவை முடுக்கியிருந்தார். எலும்பு வளர்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும். விரல் நுனி இனி மடங்காது. வலிக்கவும் வலிக்காது.

வலி எப்போது அதிகமாகும் என்பதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை.

ஹார்பரில் கிரேன் ஓட்டிய அவள் கணவன் தேவப்பிரியம், விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் விரல்களை இழுத்துச் சொடக்கு எடுப்பான். செத்த பிறகும் நிறுத்தவில்லை. மற்ற விரல்களுக்குச் சுகமாக இருக்கும். இந்த ஒன்றில் உயிர் போகும். இது இறுகிவிட்டால் இதை மட்டும் விட்டுவிடுவான் என்று நினைத்தாள். அவனே வராமல் போவதை நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கிரீஸ் வாசனை வந்தது.

சுண்டுவிரல். சொடக்.

மோதிர விரல். சொடக்.

நடுவிரல். சொடக்.

பிறகு குளிர்ந்த விரல்கள் ஆள்காட்டி விரலின் கட்டைத் தடவி, இழுத்தன. மூட்டு விரியும்போது உள்ளிருக்கும் நீரில் குமிழி உண்டாவதுதான் சொடக்குச் சத்தம். இங்கே விரிய இடமில்லை. நீரும் இல்லை.

மறுபடி இழுத்தன.

சத்தமே இல்லை.

கை விலகியது. வாசனையும் போனது.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கண்டெய்னர் லாரிகள் சுவரை அதிரவைத்துக்கொண்டு போயின. வீட்டுக்குள் வேறு சத்தமில்லை. வலியும் இல்லை. ஒரு சாயங்காலம் கட்டை அவிழ்த்து, மேசைமேல் கையை நீட்டினாள்.

"வாய்யா," என்றாள் மெல்ல. "வலிச்சா வலிச்சிக்கினு போவுது."

கிரீஸ் வாசனை வந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த ரகுபதி முகம் சுளித்தார். சேர்ந்திருக்க வேண்டிய எலும்புகளுக்கு நடுவே இடைவெளி.

"ஸ்க்ரூ பாதி உருவிக்கிட்டு வந்திருக்கு. யாரும்மா விரலைப் பிடிச்சு இழுத்தது?"

"வூட்ல நான் ஒண்டிதான் டாக்டர்."

அவர் மேசைமேல் கிடந்த அவள் கையைப் பார்த்தார். யாரும் அதைத் தொடவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல நீண்டது.

சொடக்.