குட்டியின் மீன்

அன்று ஞாயிற்றுக்கிழமை. பிரிண்டருக்குள் சிக்கிய தாளை அண்ணன் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தான். அது அந்த வாரத்து வீட்டு வேலைப் பட்டியல். பாத்திரம் கழுவுவது யார், துணி மடிப்பது யார் என்று அச்சடித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவோம்.

எல்லார் பெயரும் வெறும் கறுப்பு. தங்கை குட்டியின் பெயர் மட்டும் பச்சை. பக்கத்தில் ஒரு மீன் வேறு. செருப்பு அடுக்குகிற ஐந்து வயதுக்காரிக்கு மீனா? எனக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு மட்டும் ஏன் மீன் இல்ல?"

அண்ணன் கணினித் திரையைக் காட்டினான். எக்ஸ்எஸ்எல்டி என்ற மொழியில் அவன் எழுதிய விதிகள் அதில் இருந்தன. கணினி பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்க்குமாம். அந்த வரிக்கு எந்த விதி பொருந்துகிறது என்று தேடி, அதன்படி அச்சடிக்குமாம். யார் வேலையானாலும் கறுப்பு என்பது முதல் விதி. குட்டியின் வேலையானால் பச்சையும் மீனும் என்பது இரண்டாவது.

"குட்டிக்கு ரெண்டுமே பொருந்துதே?"

"பொருந்தும். ஆனா எது ஆளைக் குறிப்பா சொல்லுதோ, அதுதான் ஜெயிக்கும். நாளைக்கு உனக்கும் ஒண்ணு எழுதறேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

மறுநாள் வேலைக்குப் போன அண்ணன் சாலை விபத்தில் இறந்துபோனான்.

இரண்டு மாதம் பழைய தாளே கதவில் இருந்தது. பிறகு அம்மா, அண்ணன் பெயர் இல்லாத புதுப் பட்டியலை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். மீன் அப்படியே வந்தது. குட்டிக்கு மீன் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைத்தது அந்த 'நாளைக்கு' மட்டும்தான்.

எல்லாருக்கும் கறுப்பு என்று கீழே இன்னொரு விதி எழுதினேன். மீன் அசையவில்லை. குட்டிக்கென்றே, மீன் இல்லாமல், கடைசியில் ஒன்று எழுதினேன். ஒரே ஆளைச் சொல்லும் இரண்டு விதிகள் மோதினால் கடைசியில் இருப்பதுதான் ஜெயிக்கும். மீன் போயிற்று.

குட்டி தாளை விரலால் தடவித் தேடினாள். "மீனும் செத்துப் போச்சா அக்கா?"

"இல்லடி. ஒளிஞ்சிருக்கு. இரு, கூப்பிடறேன்."

என் விதிகளை அழித்தேன். அப்போதுதான் அண்ணனின் முதல் விதியை முழுதாகப் படித்தேன். எழுத்தின் அளவு இருபத்திரண்டு.

பட்டியல் தொடங்கிய நாளில் எனக்குத் தூரத்து எழுத்து தெரியாது, கண்ணாடியும் கிடையாது. அண்ணன் என்னைச் சாப்பாட்டு மேசையருகே நிறுத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு எழுத்தைப் பெரிதாக்கினான். எதிர்வீட்டுக்காரர் படித்துவிட்டு நம் பாத்திரத்தைக் கழுவ வரப்போகிறாரா என்று அப்பா கேட்டார். நான் தெரிகிறது என்று சொன்ன இடத்தில் அண்ணன் நிறுத்தினான்.

நான் எனக்கென்று தனி விதி எழுதிக்கொள்ளவில்லை. மீன் திரும்பி வந்த தாளைக் குட்டியே ஒட்டினாள்.

குட்டி இப்போது என்னைவிட உயரம். நான் கண்ணாடி போட்டிருக்கிறேன். எழுத்தின் அளவு இன்னும் இருபத்திரண்டுதான்.