முப்பதாவது பேட்டி

காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, வரலாற்றுத் துறை வாசலில் இருந்த வருகைப்பதிவு மெஷின் கலைவாணியின் கட்டைவிரலை ஏற்க மறுத்தது. ‘ப்ளீஸ் ட்ரை அகெய்ன்’ என்றது. துப்பட்டாவில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதையே சொன்னது. ஐந்து வருட ஆராய்ச்சியில் இந்தப் பல்கலைக்கழகம் அவளிடமிருந்து ஒரு பேச்சும் பேசாமல் வாங்கிக்கொண்டது கட்டைவிரல் ஒன்றைத்தான், இப்போது அதையும் வாங்க மாட்டேன் என்கிறதா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

“சலிகாலம்கா, குளிர்ல விரல் காஞ்சுட்டா எனக்கும் இப்டிதான். கிரீம் பூசிட்டு வந்து வைங்க” என்றாள் பின்னால் நின்ற ஜூனியர் யாமினி.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தோத்தாபுரி மாங்காயின் காம்பைக் கிள்ளினால் வடியுமே பால், அந்தக் காரமான வாசனை. அதற்கு அடியில் பழுத்து வெடித்த பழம் சிமெண்டுத் தரையில் கிடந்து புளிக்கும் வாடை. ஆனியிலும் ஆடியிலும் சித்தூர் சாலை நெடுக ஜூஸ் பேக்டரிகளின் சுவர் தாண்டி வீசும் வாசனை அது. இது மார்கழி. வளாகத்துக்குப் பின்னால் திருமலை மேகத்துக்குள் பாதி மறைந்து நின்றது. கலைவாணி கட்டைவிரலை மூக்கருகே கொண்டுபோய், உடனே எடுத்துவிட்டாள்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் சம்பத்குமார் அறைக்குள்ளிருந்தே கூப்பிட்டார்.

“வாம்மா கலை. நாலாவது சாப்டர் பிரமாதம். அந்தச் சென்னம்மா பேசறது அப்படியே காதுல விழறது. ஆய்வுக் குழுத் தலைவருக்கும் அதான் பிடிச்சிருக்கு. அவா குரலை ஒரு தடவை கேக்கணும்ங்கறார். முப்பதாவது பேட்டியோட ஆடியோவைச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடு. நாளைக்கு ஆய்வேட்டைக் குடுத்துடலாம்.”

“சரி சார்” என்றாள். ஆனால் அனுப்ப ஆடியோ இல்லை.

ஏனென்றால் சென்னம்மா என்று ஒருத்தி கிடையாது.

தமிழக-ஆந்திர எல்லை ஊர்களிலிருந்து ஜூஸ் பேக்டரிகளுக்கு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றியது கலைவாணியின் ஆராய்ச்சி. முப்பது பெண்களைப் பேட்டி எடுப்பதாக எழுதிக் கொடுத்திருந்தாள். இருபத்தொன்பது பேர் கிடைத்தார்கள். பேக்டரி வாசலில் வெயிலில் நின்று, மேஸ்திரியிடம் திட்டு வாங்கி, சீசன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களைப் பஸ் பிடித்துத் தேடிப் போய் எடுத்த பேட்டிகள் அவை. முப்பதாவதுக்கு உடம்பில் தெம்பு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதி அறையில் உட்கார்ந்து தானே எழுதிவிட்டாள். நாலே பக்கம். பெயரைக்கூட, பஸ்ஸில் கண்டக்டர் யாரையோ அதட்டியபோது காதில் விழுந்ததிலிருந்து எடுத்தாள். மற்ற பெண்கள் கைநாட்டு வைத்ததைப் போலச் சம்மதப் படிவத்தில் ஒரு கைநாட்டு வேண்டியிருந்தது. ஸ்டாம்ப் பேடில் தன் கட்டைவிரலை ஒற்றி வைத்தாள்.

அந்த நாலு பக்கத்தைத்தான் எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இப்போது விஷயம் வெளியே வந்தால் ஐந்து வருடமும் போகும், பட்டமும் போகும். நாகலாபுரத்துப் பக்கத்தில் கூலி வேலை செய்யும் நைனா ரங்கன், “எம்பொண்ணு டாக்டரு ஆவப்போறா” என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவர் முகத்தில் எப்படி விழிப்பாள்? ஆடியோ கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம். அதைத் தவிர வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

பேட்டிப் பதிவுகளைச் சேமித்து வைக்கும் ஆடியோ அறை கீழ்த்தளத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேங்கடேஷ் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உங்களுது முப்பது ஃபைலும் பூர்த்தியா இருக்குது மேடம்.”

“முப்பதாவது இருக்காதே. அது கெட்டுப்போச்சு…”

“உந்தி கதா, இதோ இருக்குதே. நீங்கதானே ஜூலையில வந்து ஏத்தினீங்க? நாப்பத்தோரு நிமிஷம்.” ஹெட்போனை அவள் பக்கம் தள்ளிவிட்டு, “நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்” என்று எழுந்து போனான்.

கதவு சாத்திக்கொண்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதலில் சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓடும் சத்தமும், நிறையக் கத்திகள் ஒரே சீராகப் பழத்தின் சதையை அறுத்துக் கொட்டையில் போய் இடிக்கும் சத்தமும், எங்கோ ஒரு பெரிய விசிறி தட்டித் தட்டிச் சுற்றும் சத்தமும் வந்தன. பிறகு அவளுடைய குரலே வந்தது. ஒவ்வொரு பேட்டிக்கும் முன்னால் அவள் சொல்லும் அதே வார்த்தைகள்.

“வாங்கக்கா, உக்காருங்க. பயப்படாதீங்க. நீங்க சொல்றதுதான் வரலாறு.”

ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள்.

“நா பொறந்தது பிச்சாட்டூரு பக்கம். பதினாறு வயசுல பேக்டரிக்கு வந்தேன். மாம்பாலு என் ரேகையெல்லாம் துன்னுட்சி. ரேஷன் கடையில மெஷின்ல கைய வெச்சா நீ இல்லேன்னு சொல்லுது. நா இங்கதான நின்னுக்கினு கீறேன்?”

ஒரு எழுத்து பிசகவில்லை. அவள் டைப் அடித்தது அப்படியே வந்தது. மூன்றாவது பக்கத்தில், இயல்பாக இருக்கட்டுமே என்று ‘சிரிக்கிறார்’ என்று ஒரு குறிப்புப் போட்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் குரல் சிரித்தது. சிரிப்பு வராதவளைச் சிரி என்று சொன்னால் வருமே, அப்படி ஒரு சிரிப்பு.

ஒன்பதாவது நிமிடத்தில் நாலு பக்கமும் முடிந்தது. மீதி முப்பத்திரண்டு நிமிடம் இருந்தது. விசிறி தட்டிக்கொண்டே இருந்தது. மறுபடியும் மூச்சை இழுக்கும் சத்தம்.

“நா பொறந்தது பிச்சாட்டூரு பக்கம்.”

முதலிலிருந்து. அதே வார்த்தைகள். அதே இடத்தில் அதே சிரிப்பு. முடிந்ததும் மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் வாய் மைக்கை நெருங்கி வந்தது, குரல் களைத்துக்கொண்டே போனது. கலைவாணிக்கு ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும் போல இருந்தது. கழற்றவில்லை. கழற்றினாலும் குரல் நிற்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள்.

நான்காவது முறை. பாதியில் நின்றது.

“இன்னுங் கொஞ்சம் எழுதியிருக்கலாம்ல, கலா.”

கலா என்பது வீட்டில் நைனா கூப்பிடும் பெயர்.

“ஊட்ல யாரு கீறாங்கன்னு எழுதல. எந்தத் தெருன்னு எழுதல. எதுனா துன்னேன்னு கூட எழுதல. எனக்குப் பசிக்கிது கலா. நாலு பக்கத்துல எத்தினி நாளு கெடக்கறது?”

தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. கத்திகளும் நின்றன.

“கட்டவெரலு மட்டும் நல்லதா குடுத்த. அது போதும்.”

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் வெயில் விழுந்திருந்தது. யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். நைனாவிடம் பேசினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று பட்டது. போனில் கட்டைவிரலை வைத்தாள். திறக்கவில்லை. துடைத்து வைத்தாள். திறக்கவில்லை. ரகசிய நம்பரை அழுத்தித் திறந்து கூப்பிட்டாள்.

“நைனா…”

“யாரும்மா பேசறது?”

“நான்தான் நைனா. கலா.”

“எம்பொண்ணு போன் உங்கையில எப்டிம்மா வந்துச்சி? அவ இப்பதான ஆபீசு போன்ல கூப்டா. நாளைக்கு எல்லாம் முடிஞ்சிரும்னு சொன்னா. இன்னா வேணும் உனக்கு?”

அவளுக்கு அழுகை வந்தது. கட்டைவிரலை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ரேகை இல்லை. ஒன்றுகூட இல்லை. ஊறவைத்து உரித்த பாதாம்பருப்பு போல விரல் வழவழவென்று இருந்தது. நகத்தைச் சுற்றி மாம்பால் தின்ற கறுப்பு. உள்ளங்கையில் வெடிப்பு.

சாரிடம் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். பட்டம் வேண்டாம். பெயர் கெட்டால் கெடட்டும். நான் எழுதினேன் சார், அவள் இல்லை சார், நான்தான். இதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு படியேறினாள். மாம்பழ வாடை கூடவே ஏறி வந்தது.

சம்பத்குமார் அறை வாசலிலேயே நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் பார்வை அவள் கைகளுக்குப் போனது. முகம் மலர்ந்தது. கைகூப்பினார்.

“வாங்கோ, வாங்கோ. சென்னம்மாதானே? குரல் போதும்னு சொன்னேன், நேர்லயே வந்துட்டேளே! பிச்சாட்டூர்லேர்ந்தா வரேள்? உள்ள போங்கோ. கலை உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கா.”

‘சார், நான்…’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அந்த வார்த்தை நாலு பக்கத்தில் இல்லை.

கால்கள் உள்ளே போயின.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கலைவாணியின் சுடிதார். கலைவாணியின் மூக்குக்கண்ணாடி. தட்டில் பாதி தின்ற இட்லி. இன்னொன்றை விண்டு அவசரமாக வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கினாள். விரலைச் சப்பினாள். ரெக்கார்டரை நடுவில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“வாங்கக்கா, உக்காருங்க. பயப்படாதீங்க.”

உட்கார்ந்தாள்.

“நீங்க சொல்றதுதான் வரலாறு.”

எதிரே இருந்தவள் படிவத்தை நகர்த்தினாள். ஸ்டாம்ப் பேடைத் திறந்தாள். அவள் கையை மெதுவாகப் பிடித்து, கட்டைவிரலை மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தி எடுத்தாள். வட்டமாக ஒரு கறுப்பு. உள்ளே ஒரு கோடும் இல்லை.

வெளியே யாரோ வருகைப்பதிவு மெஷினில் விரல் வைத்தார்கள். ‘தேங்க் யூ’ என்றது.

கலைவாணி நைனா பெயரைச் சொல்லப் பார்த்தாள். வரவில்லை. ஊர் பெயர். வரவில்லை. பசித்தது. மூச்சை உள்ளே இழுத்தாள்.

“நா பொறந்தது பிச்சாட்டூரு பக்கம்.”

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது பக்கத்தில் சிரித்தாள். நாலாவது பக்கம் முடிந்தது. எதிரே இருந்தவள் தலையாட்டினாள், இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கு அணையவில்லை.

“நா பொறந்தது பிச்சாட்டூரு பக்கம்.”